வாசலில் நின்றவள்

செலியமேட்டுச் செல்வகுமாரி, கம்பெனி விழாக்களுக்கு வரவேற்கவும் பரிமாறவும் பெண்களை அனுப்புகிறவள். எல்லோருடைய நீலக் கோட்டும் அவள் வீட்டு அறையில்தான் தொங்கும். துவைத்துத் தேய்ப்பதும் அவளே.

அன்று வாசலில் நின்று வரவேற்க வேண்டிய பிரியதர்ஷினிக்குக் காய்ச்சல். எங்கெங்கோ கேட்டும் மாற்று ஆள் கிடைக்கவில்லை. பிரியதர்ஷினியின் கோட்டை ஆணியிலேயே விட்டு அறையைப் பூட்டினாள். இருந்தவர்களை வேனில் ஏற்றி அனுப்பினாள். இனி இந்தக் கம்பெனி நம்மைக் கூப்பிடாது என்று நினைத்துக்கொண்டாள்.

மாலையில் கம்பெனி மேனேஜர் பேசினார். "வாசல்ல நின்னவங்க பிரமாதம்மா! பெரியவங்களையெல்லாம் கையப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. அடுத்த விழாவும் உங்களுக்குத்தான். அவங்களையும் அனுப்பிடுங்க."

வேன் திரும்பியது. "வாசல்ல யாருடி நின்னது?" என்று கேட்டாள் செல்வகுமாரி.

"நீ அனுப்பின புது ஆளுதாங்க்கா," என்றாள் பரிமாறப் போயிருந்த ஹேமலதா.

"வேன்ல நின்னுகினே வந்தாங்கக்கா," என்றான் டிரைவர் பாலாஜி. "சீட்டு காலியாத்தான கீது, குந்துங்கன்னேன். அது பிரியா சீட்டுன்னு சொல்லிட்டாங்க."

செல்வகுமாரி பூட்டைத் திறந்தாள். கோட்டு ஆணியில்தான் இருந்தது. காலர் வியர்வையில் நனைந்திருந்தது. கோட்டின் கையில் பன்னீர் வாசனை. அவள் அதைத் துவைத்துப் போட்டாள்.

அடுத்த விழாவுக்குள் பிரியதர்ஷினிக்கு உடம்பு தேறிவிட்டது. தன் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக வேனில் ஏறினாள். செல்வகுமாரி பாகூர் தையல்காரரிடம் புதிதாக ஒரு கோட்டு தைத்து வாங்கி ஆணியில் மாட்டியிருந்தாள். பாலாஜியிடம் பெரிய வேனாகக் கொண்டுவரவும் சொல்லியிருந்தாள்.

வேன் கிளம்பியதும் அறையை எட்டிப் பார்த்தாள். புதுக் கோட்டு மாட்டிய ஆணி காலியாக இருந்தது.

நிம்மதியாகக் கதவைப் பூட்டினாள்.