கடுகளவு குழிகள்

ஒன்றே ஒன்று கையில் தட்டுப்பட்டால்கூடப் போச்சு. கடவுளே, ஒன்றும் தட்டுப்படக் கூடாது.

பட்டறைக்குள் நின்றுகொண்டு அவள் மனசுக்குள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எதிரே, மேசை நாற்காலிக் கடை நடத்துகிற அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, புதுப் பலகையின் மேல் உள்ளங்கையை ஓட்டிக்கொண்டிருந்தார். மேசைக்கான மேல்பலகை. நாற்பது கேட்டிருந்தார், அதில் முதல் ஐந்து தயார். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் பட்டறைக்கு இந்த வருஷம் வேறு வேலை இல்லை.

முதல் தடவை கொடுத்த இருபது பலகையிலும் அம்மை வார்த்த மாதிரி கடுகளவு குழிகள். இழைப்பு மெஷின் கக்குகிற சீவலை உறிஞ்ச ஒரு குழாய் இருந்தது, பேருக்கு இருந்தது. உறிஞ்சப்படாத சீவல் பலகை மேலேயே விழும். பலகையை வெளியே இழுக்கிற இரும்பு உருளை அதை அப்படியே மரத்துக்குள் வைத்து அமுக்கும்.

மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். ஆறு வருஷமாக மத்தியானச் சாப்பாட்டில் பாதி மரத்தூள். இருமினால் கைக்குட்டை பழுப்பாகும்.

அன்றைக்கே அந்த அம்மாள் குழியைத் தொட்டுக் காட்டி ஏதோ கேட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் காதில் சத்தத்துக்கு மாட்டுகிற மூடி. வாசலில் புருஷன் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது மட்டும் தெரிந்தது.

"என்ன சொன்னீங்க?" என்று பிறகு கேட்டாள்.

"சமாளிச்சுட்டேன்."

"அதான், என்ன சொல்லி?"

"பட்டறையில இருக்கறதே நாம ரெண்டு பேர். வாய் என் பொறுப்பு, மெஷின் உன் பொறுப்பு. அப்படித்தானே பிரிச்சுக்கிட்டோம்?"

சமாளித்தது உண்மைதான். மறுவாரமே இருபது நாற்பதானது. கூடவே கைவலிக்கு ஒரு பாட்டில் தைலம். "கடைக்காரம்மா கொடுத்தாங்க" என்று நீட்டிவிட்டு அவன் அந்தப் பக்கம் போய்விட்டான்.

அவள் அந்த பாட்டிலை ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள். மெஷினுக்குப் பின்னால் நிற்கிற தன் கைக்கும் வலிக்கும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தினமும் மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு இனிமேல் குழி விழுந்த பலகை கொடுப்பதில்லை என்று ஒரு வைராக்கியமே வந்துவிட்டது.

மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஒடுக்கமான குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு நாலு அங்குலக் குழாய் மாட்டினாள். வழியில் இருந்த மூன்று வளைவுகளை ஒன்றாகக் குறைத்தாள். சீவல் விழும் வாய் முழுவதையும் மூடுகிற மாதிரி தகரத்தில் ஒரு முக்காடு செய்து, இடுக்குகளில் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினாள். நடுவில் மூடி போட்ட ஒரு டிரம் வைத்தாள். கனமான சீவல் அதில் விழுந்துவிடும், பொடி மட்டும் குழாயின் கடைசியில் கட்டிய துணிப்பைக்குப் போகும்.

"மெஷினை ஆஸ்பத்திரியில சேர்த்த மாதிரி இருக்கு" என்றான் புருஷன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாடு சாப்பாடாகவே ருசித்தது. கைக்குட்டை வெள்ளையாகவே வீட்டுக்குப் போனது.

இப்போது கடைக்காரம்மா கண்ணைத் திறந்தார்.

"குழி எங்கே?"

"தேடினாலும் கிடைக்காதும்மா" என்றாள் அவள். இத்தனை பெருமையாக அவள் யாரிடமும் எதையும் சொன்னதில்லை.

"அதைத்தான் கேக்கறேன். எங்கே போச்சு எல்லாம்?"

புருஷன் திரும்பி, சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தான்.

"பெரியவருக்கு உடம்பு சரியில்லையா?" அந்த அம்மாளின் குரலில் நிஜமான கவலை இருந்தது. "சின்ன உளியை வெச்சு ஒவ்வொரு குழியா உக்காந்து கொத்துவாராமே. பாவம், அந்த வயசுல. கைவலிக்குத் தைலம் கொடுத்தனுப்பினேனே, கேட்டுச்சா?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் காலண்டரில் அடுத்த மாசத்துக்குப் போயிருந்தான்.

"லீவுல இருக்காரும்மா" என்றான், முதுகைக் காட்டியபடியே.

"வந்ததும் கொத்திக் கொடுக்கச் சொல்லுங்க, எடுத்துக்கறேன். இந்த வழவழப் பலகை எந்தக் கடையிலயும் கிடைக்கும். என்கிட்ட வர்றவங்க அவரோட கைக்காகத்தான் வர்றாங்க."

கார் தெருமுனை திரும்பியது. அவள் தன் மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். தைல வாசனை இன்னும் போகவில்லை.

"கோவிச்சுக்காதே" என்றான் அவன். "கேட்டாங்க, சட்டுனு வாயில வந்துடுச்சு. இப்ப என்ன, நாற்பது பலகைதானே? அந்தக் குழாயை மட்டும் கழட்டி வெச்சுடு. பெரியவர் பாட்டுக்குக் கொத்திட்டுப் போறார்."

அவள் டிரம்மின் மூடியை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆறாவது பலகையை எடுத்து மெஷினின் வாயில் வைத்தாள். காதுமூடியைக் கையில் எடுத்தவள், மாட்டிக்கொள்வதற்கு முன்னால் சொன்னாள்.

"பெரியவர் செத்துட்டார்னு சொல்லிடுங்க."