தேய்ந்த இடம்

சேலம் ஸ்டுடியோவில், ஆள் உயர வயலின் போன்ற டபுள் பாஸ் வாசிக்கும் தேவசகாயம், பழையதாக வாங்கிய ஜெர்மன் வாத்தியத்தோடு மல்லசமுத்திரத்தில் செங்கோடன் வீட்டுக்கு வந்து இறங்கினார்.

“நாடகக் கம்பெனியில இத வாசிச்சது உங்க மாமனாருங்களா? வாசிக்கறவர் உடம்பு படாத இந்த எடம் மட்டும் ஏன் தேஞ்சிருக்குன்னு தெரியலைங்க.”

“எம் பொண்டாட்டி பாத்தாச் சொல்லிப்போடுவாளுங்க. கொட்டகையிலயே வளந்தவ” என்றான் செங்கோடன்.

குஞ்சம்மாள் வந்தாள். மண்டியிட்டு, வார்னிஷ் போயிருந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, வாசிக்கும்படி கைகாட்டினாள்.

தேவசகாயம் வில்லை இழுத்தார். கண்ணீரோடு அவள் தலையசைத்தாள்.

“அப்பாவோட வாத்தியச் சத்தத்த இன்னும் மறக்கலீங்களே அம்மா” என்றார்.

அவள் திரும்பவில்லை. செங்கோடன்தான் பதில் சொன்னான்.

“அவளுக்குப் பொறந்ததுல இருந்தே காது கேக்காதுங்க. அப்பன் வாசிக்கையில தெனமும் அந்த எடத்துலதானுங்க கன்னத்த வெச்சுக்குவா.”