கான்டஸாவின் மூச்சு

“கழட்ட மாட்டேன் சார். வேற எந்த வேலை வேணும்னாலும் சொல்லுங்க, செய்யறேன். அதை மட்டும் கழட்ட மாட்டேன்.”

ஐசக் ஸ்பானரைத் தரையில் வைத்துவிட்டு, காருக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

ஸ்ரீரங்கனுக்குக் கோபம் ஏறியது. பழைய கார் வைத்திருப்பவர்களின் கிளப்புக்குப் போன மாதம்தான் அவர் செயலாளர் ஆகியிருந்தார். ஐசக்கின் மெக்கானிக் ஷெட்டுக்கு அவர் வருவது இதுதான் முதல் தடவை.

“கிளப்ல எல்லாரும், ‘பீர்க்கன்கரணை ஐசக்கிட்ட விட்டா வண்டி பேசும்’னாங்க. நீ என்னடான்னா ஒரு டப்பாவைக் கழட்ட இவ்வளவு பிகு பண்றே!”

“டப்பா இல்ல சார், கன்வெர்ட்டர். புகையில இருக்கிற விஷத்தை அதுதான் முறிக்குது.”

“என் வண்டியோட கழுத்தையும் அதுதான் நெரிக்குது. தொண்ணூத்தாறு மாடல். பத்து வருஷத்துல ஒரு கீறல் விழுந்திருக்கா, பாரு! இனிமே இந்த மாடல் வரப்போறதும் இல்ல. போன வருஷம் கிளப்ல ஏற்காடு போனோம். மூணாவது வளைவுலயே மூச்சுத் திணறி நின்னுடுச்சு. பின்னாடி வந்த ஓட்டை ஹெரால்டு கார்க்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே தாண்டிப் போறான். பாவம், இது மூச்சு விட வேண்டாமா?”

சொல்லிக்கொண்டே அந்தக் கறுப்புக் கான்டஸாவின் பானெட்டைத் தடவிக் கொடுத்தார்.

“கார்புரேட்டரைச் சுத்தம் பண்றேன். பிளக் மாத்தறேன். கன்வெர்ட்டர் அடைச்சிருந்தா புதுசு வாங்கிட்டு வாங்க, போட்டுத் தரேன். அதை எடுத்துட்டு வெறும் குழாயை வச்சு வெல்டு பண்றது மட்டும் என்னால முடியாது.”

“பல்லாவரத்துல அரை மணி நேரத்துல முடிச்சுக் கொடுத்துடுவான்.”

“கொடுத்துடுவாங்க சார். நானே முப்பது வண்டிக்கு முடிச்சுக் கொடுத்திருக்கேன்.”

“அப்புறம் இப்ப மட்டும் என்ன புதுசா ஞானம்?”

ஐசக் வாசல் பக்கம் கை காட்டினார். ஷெட்டை ஒட்டி, சாலையோரத்தில் ஒரு மரப்பலகை. அதன் மேல் கிழிந்த குடை. ஆள் இல்லை.

“கன்னியம்மாக்கான்னு ஒருத்தங்க, ஒன்பது வருஷமா அங்க உக்காந்து மீன் விக்கிறாங்க. நான் இங்க எஞ்சினை ரெய்ஸ் பண்ணினா புகை நேரா அவங்க முகத்துலதான் போய் விழும். இப்ப நாலு வார்த்தை பேசினா அஞ்சாவது இருமல் வருது. ஆஸ்பத்திரியில டாக்டர், எங்க உக்கார்றே, பக்கத்துல என்ன வேலை நடக்குதுன்னு துருவித் துருவிக் கேட்டிருக்கார். ‘உன் மெக்கானிக்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, இனிமே எந்த வண்டியிலயும் அதைக் கழட்டக் கூடாது’ன்னு சொல்லி அனுப்பியிருக்கார். அன்னிக்கு ராத்திரி முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினேன் சார். அதோட விட்டுட்டேன்.”

“டாக்டருங்க ஒரு நாளைக்கு நூறு பேருக்கு நூறு சொல்வாங்க. சொன்ன ஆளுக்கே ஞாபகம் இருக்காது!”

“அவருக்கு இல்லாமப் போகட்டும் சார். எனக்கு இருக்கு.”

ஸ்ரீரங்கனின் குரல் உயர்ந்தது. “ஞாயித்துக்கிழமை கிளப் கூட்டம். பதினொரு வண்டி! நான் ஒரு வார்த்தை சொன்னா ஒண்ணுகூட இந்தப் பக்கம் திரும்பாது. தெரியுமில்ல?”

ஐசக்குக்குத் தெரியும். அந்தப் பதினொரு கார்களால்தான் ஷெட் நடந்துகொண்டிருந்தது. அவை போய்விட்டால், நாற்பத்தெட்டு வயதில் இன்னொருவர் ஷெட்டில் போய் வேலை கேட்டு நிற்க வேண்டியதுதான்.

ஆனாலும் கார் சாவியை எடுத்து நீட்டினார்.

“தாராளமா சொல்லுங்க சார். பதினொண்ணும் போகட்டும். இனிமே எந்த வண்டியிலயும் என் கை அதைக் கழட்டாது.”

“திமிரு!” ஸ்ரீரங்கன் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். “உன்னை மாதிரி ஆளுங்களுக்கெல்லாம்…”

“இன்னா தம்பி, இம்மாஞ் சத்தம்?”

மீன்கூடையை வாசலில் இறக்கிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்தி இருமியபடி கன்னியம்மா உள்ளே வந்தார். ஸ்ரீரங்கனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயே, டாக்டர் சார்! நீங்களா?” ஈரக் கைகளைப் புடவையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டார். “நான் சொன்னா இவுரு கேக்க மாட்டாருன்னு நீங்களே நேர்ல வந்துட்டீங்களா? எனக்கோசரம் இம்மாந்தூரமா? நல்லா இருக்கணும் சார் நீங்க! தம்பி, நான் சொல்லல? அத்தக் கயட்டக் கூடாதுன்னு சொல்லி அனுப்புன டாக்டரு இவுருதான்!”

ஸ்ரீரங்கன் தலை நிமிரவில்லை.

ஐசக் அவரையே ஒரு கணம் பார்த்தார். பிறகு கன்னியம்மாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“ஆமாக்கா. இவ்வளவு நேரமா சார் அதைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார்.”