தாத்தா ஓட்டிய கார்

ராமநாதபுரத்தில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை. கண்ணாடிக் கதவு வழியே வரும் மத்தியான வெயில் கம்ப்யூட்டர் திரையில் பாதியைத் தின்றுவிட, மீதிப் பாதியில் ஒரு பழைய போட்டோவில் பாண்டித்துரையின் தாத்தா கார் ஓட்டுகிறார். தலைப்பாகை, முறுக்கு மீசை, லாந்தர் போல இரண்டு ஹெட்லைட். தன் பேத்தியின் காதுகுத்துக்குப் பாண்டித்துரை வைக்கப்போகும் பேனர் இது. திருப்பாலைக்குடிக்கு முதன்முதலில் காரில் போனது தன் தாத்தாதான் என்று சம்பந்தி வீட்டில் பத்து வருஷமாகச் சொல்லி வைத்திருக்கிறார். "குதிரையிலதான் போனாகன்னு அய்யா சொல்லுவாக" என்று அதே பத்து வருஷமாக மறுத்துவரும் தங்கை உலகம்மாள், பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ரோஸ்மில்க் உறிஞ்சுகிறாள். "ஓரத்துல என்னமோ அழுக்கு தெரியுது, தொடச்சு விடும்மா" என்கிறார் பாண்டித்துரை. கடைப் பெண் ஜெயசுதா மவுஸை உருட்டுகிறாள். அழுக்கு பெரிதாகிறது. பெரிதாகப் பெரிதாக அதில் முடி முளைத்து, வாலாகித் தொங்குகிறது. வாலுக்குக் கீழே ஒரு குதிரையின் பின்னங்கால்கள் மண்ணை அழுத்தி ஊன்றியிருக்கின்றன. அங்கிருந்து வரும் கயிறு காரின் முன்பக்கத்தில் இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் தாத்தாவின் முகத்தில் மட்டும் வேகம் கொஞ்சமும் குறையவில்லை. மின்விசிறி கடகடக்கிறது. ஸ்ட்ராவில் உறிஞ்சும் சத்தம் நின்றுவிடுகிறது. பாண்டித்துரை கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்துகிறார். "குதிரைய மட்டும் எடுத்துரும்மா." உலகம்மாள் டம்ளரைக் கீழே வைக்கிறாள். "எடுத்துட்டா, தாத்தா எப்புடிண்ணே ஊரு வந்து சேருவாக?"