ஒரு சிட்டிகை உப்பு

"அம்மா, பல்லே இல்லாதவங்க மீனை எப்படித் தின்பாங்க?" என்று கேட்டாள் ஐந்து வயது ஹபீபா.

"இப்படித்தான்லா." மஜீதா வெந்த மீனை உதிர்த்து, முள் பொறுக்கி, கஞ்சியோடு மசித்து, உப்புத் தூவினாள்.

"தம்பிக்கு உப்பு போடக்கூடாதுன்னு கிளினிக் நர்ஸ் மிசி சொன்னாங்களே!"

"அவன் அப்பவே சாப்பிட்டுத் தூங்கிட்டான். நீ போய் விளையாடு."

பக்கத்து வீட்டுத் தம்பு அங்கிள், "எல்லாம் சொந்தப் பல்லு" என்று பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கப் பீற்றியவர். ஒரு வாரமாகச் சளி என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு பட்டினி கிடந்தார்.

போன வாரம் வாசலில் ஹபீபாவின் தம்பிக்குத் தொண்டையில் ரம்புத்தான் அடைத்தபோது, கத்திக்கொண்டே ஓடிவந்து, குப்புறப் பிடித்து முதுகில் தட்டியவர் அவர்தான். பழம் வெளியே தெறித்தது. கத்திய வேகத்தில் அவருடைய பல்செட்டும் சாக்கடைக்குள் தெறித்தது. பார்த்தவள் மஜீதா மட்டுமே.

தெருவில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கஞ்சிக் கிண்ணத்தை அவர் வாசலில் வைத்தாள். கதவைத் தட்டிவிட்டு ஓடியே வந்துவிட்டாள்.