முப்பத்தொன்றாம் பக்கத்து அதட்டல்

"மிரி, என் கதைக்கு நடுவுல யாரோ நின்னுக்கிட்டு என்னை அதட்டுறாங்க!"

கைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள் மிரியாமா. மெர்வ் டூஹிக்கு எண்பத்து நான்கு வயது. கண் பார்வை போய் மூன்று வருடம் ஆகிறது. ஆனால் குரல் இருக்கிறதே, ஹோகிடிகா கடற்கரையில் அலையோடு போட்டி போட்டுக் கத்திப் பழகிய குரல்.

பழைய புத்தகங்களைத் தேடிப் பிடித்து மின்நூலாக்குவது மிரியாமாவின் தொழில். கிரேமௌத் நகரில் ஓர் அறை, ஒரு கணினி; அவளே முதலாளி, அவளே எடுபிடி. மெர்வ் தன் வாழ்நாளில் எழுதிய ஒரே நாவல், 1981இல் அச்சானது, மூன்று நாளைக்கு முன்புதான் மின்நூலாக வந்திருந்தது.

"எந்த இடத்தைச் சொல்றீங்க?" என்று தெரியாதவள்போலக் கேட்டாள். அதற்குள் பதினோரு வாசகர்கள் அந்த நாவலை இணையத்தில் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"புத்தகத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டுற கருவி அது பாட்டுக்கு வாசிச்சுக்கிட்டே போகுது. என் ஆளு ஆத்துமுகத்துல பொடிமீனுக்கு வலை போடுறான். திடீர்னு, 'மார்ச் மாசத்துல எவன்யா பொடிமீனுக்கு வலை போடுவான்? நீ இந்த ஊர்க்காரன்தானா?'ன்னு கேக்குது. நானா எழுதினேன் அதை?"

மிரியாமாவுக்கு இனி ஒளிக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"என் தப்புதான், மெர்வ். உங்க புத்தகம் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முந்தினது. அதனால ஒரு பிரதியோட முதுகை வெட்டி, தாள்தாளா படம் எடுத்து, வெளிநாட்டுல தட்டச்சு பண்றவங்களுக்கு அனுப்பினேன். ஒரு எழுத்து விடாம அடிங்கன்னு சொல்லியிருந்தேன். பாவம், ஓரத்துல பென்சிலால எழுதியிருந்ததையும் சேர்த்து அடிச்சுட்டாங்க. நான் முதல் இருபது பக்கம் சரி பார்த்துட்டு, மிச்சமும் நல்லாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். அதட்டல் முப்பத்தொண்ணாம் பக்கத்துலதான் ஆரம்பிக்குது."

மிரியாமா கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தாள்.

"பத்து நிமிஷம் கொடுங்க, மெர்வ். எல்லாத்தையும் அழிச்சுடறேன். வாங்கினவங்க கையில இருக்கிற பிரதிகூட தானா மாறிடும்."

"பென்சிலா?" என்றார் மெர்வ். குரல் இறங்கியிருந்தது. "மிரி, நான் உங்கிட்ட கொடுத்தது என் பொண்டாட்டி நோலீனோட பிரதி."

"மெர்வ், அந்தப் பிரதி வந்து..."

"இரு, நான் சொல்லிடறேன். என்கிட்ட இருந்ததையெல்லாம் அவனுக்கு இவனுக்குன்னு கொடுத்துத் தீர்த்தாச்சு. அவ அலமாரியில இருந்தது ஒண்ணுதான். அவ போனப்புறம் அதைத் திறக்க எனக்கு மனசு வரல, அப்புறம் கண்ணும் போயிடுச்சு. அப்படியே பொட்டலமா கட்டிக் கொடுத்தேன்." மூக்கை உறிஞ்சினார். "அச்சகத்துலேருந்து முதல் கட்டு பஸ்ல வந்துச்சு, தெரியுமா? ரெண்டு பேரும் மழையில நனைஞ்சுக்கிட்டுக் காத்துக் கிடந்தோம். ரொட்டிக் கத்தியால கயித்தை அறுத்தவ அவதான். வீடு முழுக்க மை வாசனை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதுக்கப்புறம் வந்ததே இல்ல."

"படிச்சுட்டு என்ன சொன்னாங்க?"

"'நல்லா இருக்கு மெர்வ், டீ ஆறிப்போகுது.' முப்பத்தஞ்சு வருஷத்துல அவ்வளவுதான். நானும் வீம்புக்குக் கேக்கல. ஆனா உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, மிரி. அடுத்த புத்தகம் எழுத உக்காரும்போதெல்லாம், கட்டினவளுக்கே பிடிக்காததை ஊருக்கு எதுக்கு எழுதணும்னு பேனாவைக் கீழ வெச்சுடுவேன்."

மிரியாமா வாயைத் திறந்தாள். மெர்வ் விடவில்லை.

"இப்ப பாரு, எப்படித் திட்டியிருக்கா! 'நாலு பக்கமா மழை பெய்யுது, போதும், குடையை மடக்கு'ங்கறா. அவளேதான்! அம்மா சாகிற அத்தியாயம் முடியுது. அங்க என்ன சொல்றா தெரியுமா? 'இதுக்கு மேல படிக்க முடியல. வெளிய போய்க் கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.'" மெர்வ் விசும்பினார். "அழுதிருக்கா, மிரி. என் எழுத்துக்கு நோலீன் அழுதிருக்கா."

"ஆனா வாசகருங்க திட்டுறாங்க, மெர்வ். புத்தகத்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் போட்டிருக்காங்க. என் பேரும் கெட்டுப்போகும்."

"அந்தக் காலத்துல தப்பா அச்சாச்சுன்னா ஆனதுதான். அதையும் வெச்சுக்கிட்டு வாழ்ந்தோம். பத்து நிமிஷத்துல அழிக்க முடியும்கிறதுக்காக அழிச்சே ஆகணுமா? உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், அவளை அழிச்சுடாதே."

மிரியாமா திறந்திருந்த கோப்பை மூடினாள். பதினோரு பேர் நூறு பேர் ஆகட்டும், வருவது வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன், மெர்வ்."

"நல்லா இரு, மகளே. போனை வை, நாலாவது அத்தியாயத்துல அவ என்ன சொல்றான்னு கேக்கணும்."

கைபேசியை வைத்துவிட்டு மிரியாமா மேசை இழுப்பறையைத் திறந்து, வெட்ட மனம் வராமல் முழுசாகவே வைத்திருந்த நோலீனின் பிரதியை எடுத்தாள். தட்டச்சுக்காக மிரியாமா வெட்டியது, பழைய புத்தகக் கடையிலிருந்து தபாலில் வரவழைத்த யாரோ ஒருவரின் பிரதி.

பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு கம்பளி நூல் கிடந்தது. அதற்கு அப்பால் ஒரு தாள்கூடப் புரட்டப்பட்டதாகத் தெரியவில்லை.