செவலை பல்லைக் காட்டவில்லை

ஒரு வீட்டில் செவலை என்று ஒரு நாயும், சாம்பி என்று ஒரு பூனையும் இருந்தன. செவலைக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. வாயும் நாறியது. வீட்டுக்காரி வடிவு, நாய்க்குப் பல் விளக்குகிற பிரஷும் பேஸ்ட்டும் வாங்கி வந்து, "எங்கே, ஆ காட்டு சாமி" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். செவலை வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"ஏண்ணே திறக்கல?" என்று கேட்டது சாம்பி.

"பக்கத்து வீட்டு மாட்டுக்கு இப்படித்தான் பல்லைப் புடிச்சுப் பாத்தாங்க. வயசாயிருச்சுன்னாங்க. சாயங்காலமே வண்டியில ஏத்திட்டாங்க."

"நானும் அதைத்தான் நெனச்சேன். அந்தப் பேஸ்ட்டுல கோழி வாசம் வேற வருது. சும்மா யாராவது கோழி வாசம் காட்டுவாங்களா?"

செவலைக்குச் சந்தேகம் முற்றிப்போனது. வடிவு கிட்டே வந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. வலியில் சோற்றை மெல்ல முடியவில்லை. நக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிடும். சாம்பி வந்து, "திறந்துடாதண்ணே" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைத் தின்றுவிட்டுப் போகும்.

சில நாள் கழித்து வடிவு தட்டைப் பார்த்தாள். துடைத்த மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் சாப்பிடுது. வலி போயிருச்சு போல" என்று பிரஷை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

செவலை மெதுவாக வெளியே வந்தது. விலா எலும்பு தெரிந்தது.

"தப்பிச்சேண்டா சாம்பி. நீ மட்டும் இல்லேன்னா என் கதி என்ன ஆயிருக்கும்" என்று சொல்லி, அன்றைய சோற்றை மூக்காலேயே பூனையின் பக்கம் தள்ளிவிட்டது.